ஒரு கிலோ முட்டைக்கு எவ்வளவு உமிழ்வு? நாடுகளை ஒப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: ஒரு கிலோ முட்டை உற்பத்தியில் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களின் அளவை நாடுவாரியாகத் தேடினால் ஆஸ்திரேலியாவுக்கு 1.3, அமெரிக்காவுக்கு 2.1, பிரிட்டனுக்கு 2.9 என்று கிடைக்கிறது. உலகச் சராசரி ஓரிடத்தில் 3.7, இன்னோரிடத்தில் 4.67. இவற்றை வரிசைப்படுத்தி, எந்த நாட்டு முட்டை சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சொல்லிவிடலாமா?

முடியாது. இந்த எண்கள் எதுவும் பிழையில்லை. ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு அளவுகோலால் அளந்தது. அளவுகோலைச் சமப்படுத்திய பிறகும் வித்தியாசம் மிஞ்சும்; அந்த மிச்சத்தில்தான் உண்மையான செய்தி இருக்கிறது. (கீழே உமிழ்வாகச் சொல்லும் எல்லா எண்களும் கார்பன் டை ஆக்சைடு சமானக் கிலோவில்; அதாவது மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற வாயுக்களையும் அவை உண்டாக்கும் வெப்பத்துக்கு ஈடான கார்பன் டை ஆக்சைடாக மாற்றிச் சொன்னது.)

முதலில் கோழியைப் பார்ப்போம். உலகின் வணிகப் பண்ணைகளில் இருக்கும் முட்டைக்கோழிகளில் பெரும்பங்கு இரண்டே குழுமங்களிலிருந்து வருகிறது. கோழி இனங்களை உருவாக்கி விற்கும் பெயர்களில் ஹைலைன், லோமன் ஆகியவை ஒரு குழுமம், ஐ.எஸ்.ஏ, போவன்ஸ், டிகால்ப், ஷேவர் ஆகியவை இன்னொன்று. ஆகவே பிரிட்டனில் கூண்டில் நிற்கும் கோழிக்கும் ஆஸ்திரேலியாவில் கூண்டில் நிற்கும் கோழிக்கும் பிறப்பில் பெரிய வேறுபாடு கிடையாது. இருந்தும் 2012இல் வெளியான பிரிட்டன் ஆய்வு கூண்டு முட்டைக்கு 2.92 என்கிறது, 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு 1.3 என்கிறது. அதே பிரிட்டன் ஆய்வில் கூண்டு, கொட்டகை, திறந்தவெளி, இயற்கை வேளாண் முறை நான்கும் 2.92க்கும் 3.45க்கும் இடையில் அடங்கிவிடுகின்றன. அதாவது ஒரே ஆய்வுக்குள் வளர்ப்பு முறையை மாற்றினால் 18 சதவீதம்தான் மாறுகிறது. வளர்ப்பு முறையை மாற்றாமல் நாட்டையும் ஆய்வையும் மாற்றினால் இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. காரணத்தைக் கூண்டில் தேடிப் பயனில்லை. தீவனம், எச்சம், கணக்கு வைக்கும் முறை என்ற மூன்றில்தான் தேட வேண்டும்.

உலக உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் வெளியிட்ட கணக்கில் முட்டைக்கோழியின் உமிழ்வில் 69 சதவீதம் தீவனம், 20 சதவீதம் எச்சத்தைச் சேமித்துக் கையாளுவது, 6 சதவீதம் பண்ணைக்கு வெளியே நடக்கும் பதப்படுத்தலும் போக்குவரத்தும், 4 சதவீதம் பண்ணையில் செலவாகும் எரிசக்தி. மாடுகளைப் போலக் கோழியின் வயிற்றில் மீத்தேன் குறிப்பிடத்தக்க அளவில் உருவாவதில்லை. அதனால் கோழி தின்பதும் கழிப்பதுமே ஏறக்குறைய முழுக் கணக்கும்.

தின்பதை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 110 கிராம் தீவனம் என்றால் ஆண்டுக்கு 40 கிலோ. 60 கிராம் எடையில் 300 முட்டை என்றால் 18 கிலோ. தீவன மாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ முட்டைக்குச் செலவாகும் தீவனம், 2.2 கிலோ. அதே 40 கிலோவைத் தின்றுவிட்டு 55 கிராமில் 230 முட்டைதான் இடுகிறது என்றால் கிடைப்பது 12.65 கிலோ, விகிதம் 3.2 ஆகிவிடும். ஒரு கிலோ முட்டைக்கு ஒரு கிலோ தீவனம் கூடுதல். வெக்கை தாங்காமல் கோழி இரை எடுப்பதைக் குறைத்து முட்டை சிறுத்துப்போவது, குளிரில் உடல் சூட்டுக்காகவே கூடுதலாகத் தின்பது, நோயில் கோழிகள் சாவது என்று எல்லாமே இந்த ஒரு எண்ணில் வந்து விழும். செத்த கோழி அதுவரை தின்ற தீவனமும் மிச்சக் கோழிகளின் முட்டை மீதுதான் ஏறும். அமெரிக்காவில் 1960க்கும் 2010க்கும் இடையே ஒரு கிலோ முட்டைக்கான உமிழ்வு 71 சதவீதம் குறைந்ததற்கு, விகிதம் 3.4இலிருந்து 2க்கு அருகே இறங்கியது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இன்றைய பெரிய பண்ணைகளை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டால் இந்த விகிதம் பெரும்பாலும் 2.0க்கும் 2.4க்கும் இடையில்தான் நிற்கும். இது 20 சதவீத வித்தியாசத்தை விளக்கும். 1.3க்கும் 2.92க்கும் இடையிலான 125 சதவீதத்தை விளக்காது.

இங்கே பலர் தவறவிடுவது முட்டையிடத் தொடங்கும் முன்னான காலம். 17, 18 வாரம் வரை ஒரு கோழி ஏறக்குறைய 6 கிலோ தீவனம் தின்றிருக்கும். ஒரு முட்டைகூட இட்டிருக்காது. ஆயுளில் 20 கிலோ முட்டை இடும் கோழியின் ஒவ்வொரு கிலோ முட்டை மீதும் 300 கிராம் தீவனம் இந்தக் கணக்கில் ஏறும். 100 வாரம் வரை வைத்திருந்து 31 கிலோ எடுத்தால் அது 200 கிராமாகக் குறையும். சில ஆய்வுகள் இளங்கோழிப் பருவத்தையும் தாய்க்கோழிப் பண்ணையையும் சேர்க்கின்றன, சில முட்டையிடும் கொட்டகையின் வாசலில் நின்றுவிடுகின்றன. ஆண் குஞ்சு விஷயமும் இதே வகை. ஜெர்மனி 2022 ஜனவரி முதல் ஆண் குஞ்சுகளைக் கொல்வதைத் தடை செய்தது. அவற்றை வளர்த்தால் 1 கிலோ எடைக்குச் சுமார் 4 கிலோ தீவனம் போகும். அந்தச் சுமையில் எவ்வளவு முட்டைக்கு, எவ்வளவு இறைச்சிக்கு என்பதை ஆய்வு செய்பவர்தான் முடிவு செய்கிறார். ஜெர்மன் எண் ஒன்றைப் பார்த்தால் அது 2022க்கு முந்தியதா பிந்தியதா என்று முதலில் பாருங்கள்.

நாடுகளுக்கிடையே எண்ணைப் பெருமளவில் பிரித்துவைப்பது தீவனத்தின் அளவைவிட அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான்; குறிப்பாகச் சோயாப் புண்ணாக்கு. சோயா பயிர் என்ற முறையில் நல்ல பயிர். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) தானே பிடித்துக்கொள்வதால் உரம் குறைவு, உமிழ்வும் குறைவு. காடு அல்லது புல்வெளியை அழித்த நிலத்தில் அது விளைந்திருந்தால் மட்டும் கதை மாறும். மரத்திலும் மண்ணிலும் இருந்த கார்பன் வெளியேறியதை 20 ஆண்டுகளுக்குப் பங்கிட்டு ஒவ்வோர் ஆண்டு விளைச்சல் மீதும் ஏற்றுவது வழக்கமான விதி. இந்த 20 ஆண்டு விதி ஒரு விசித்திரத்தை உண்டாக்குகிறது. பிரேசிலின் அமேசானில் 2004இல் சுமார் 27,700 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அந்த ஆண்டு அழித்த நிலம் 2024 வாக்கில் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. பண்ணையில் எதையும் மாற்றாமலேயே முட்டையின் எண் இறங்கும். அதோடு, சோயா எந்த வயலிலிருந்து வந்தது என்று தெரியாதபோது அந்த நாட்டின் சராசரி நில மாற்றத்தை, அதாவது காடழித்த சுமையை, எல்லா மூட்டை மீதும் சமமாக ஏற்றுவது ஒரு முறை. சான்றிதழ் பெற்ற சரக்குக்கு நில மாற்றம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வது இன்னொரு முறை. இரண்டும் புழக்கத்தில் உள்ளன.

தானியத்திலும் ஒரு பெரிய வேறுபாடு ஒளிந்திருக்கிறது. மக்காச்சோளம், கோதுமைக்குப் போடும் தழைச்சத்து உரத்தில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மண்ணிலிருந்து கிளம்புகிறது. எத்தனை பங்கு என்பதற்கு, ஐ.நா.வின் பருவநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2006 விதிநூல் உலகம் முழுக்க ஒரே எண் கொடுத்தது: 1 சதவீதம். 2019இல் திருத்தியபோது செயற்கை உரத்துக்கு ஈரமான தட்பவெப்பத்தில் 1.6, வறண்ட இடத்தில் 0.5 என்று பிரித்தது. மூன்று மடங்குக்கு மேல். ஆஸ்திரேலியாவின் மானாவாரிக் கோதுமையும் சோளமும் வறண்ட நிலப் பயிர்கள். அந்த நாட்டின் தேசியக் கணக்கும் அவற்றுக்கு 1 சதவீதத்தைவிட மிகக் குறைந்த எண்ணையே எடுக்கிறது. இது உண்மையான இயற்கை வேறுபாடு, கணக்குத் தந்திரமில்லை. ஆனால் ஒரு நாட்டின் ஆய்வு 2006 எண்ணையும் இன்னொன்று 2019 எண்ணையும் எடுத்திருந்தால், உண்மையான வேறுபாட்டோடு பொய்யான வேறுபாடு ஒன்றும் சேர்ந்துகொள்ளும்.

தீவனத்தில் இறைச்சி, எலும்புத்தூள் சேர்க்கும் நாடுகளின் கணக்கில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தத் தூள் மாட்டிலிருந்து வந்திருந்தால், எடை அல்லது எரிசக்தி விகிதப்படி சுமையைப் பங்கிடும் ஆய்வில் மாட்டின் மீத்தேனில் ஒரு பகுதி கோழித் தீவனத்தின் மீது ஏறி முட்டையைக் கனக்கச் செய்யும். விலை விகிதப்படி பங்கிட்டால் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போகும். முட்டைக்காலம் முடிந்து விற்கும் கழிவுக்கோழியின் இறைச்சிக்கும் எருவுக்கும் எவ்வளவு பங்கு என்பதிலும் இதே சிக்கல்தான், ஆனால் அளவு சிறியது.

இப்போது எச்சம். பலர் தீவனத்தைப் பார்த்த கண்ணோடு நின்றுவிடுகிறார்கள். எச்சம் உலர்ந்ததா நீரில் கிடக்கிறதா என்ற ஒரே கேள்வி மொத்த எண்ணையும் தலைகீழாக்கும். புதிய கோழி எச்சத்தில் சுமார் 75 சதவீதம் ஈரம். அதைக் காற்றில் உலர்த்தினால் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. நீரூற்றிக் கழுவிக் குட்டையில் தேக்கினால் அவற்றுக்கு விருந்து. ஐ.பி.சி.சி. 2006 விதிநூல் வளர்ந்த நாடுகளின் முட்டைக்கோழிக்கு உலர் முறையில் ஆண்டுக்கு 0.03 கிலோ மீத்தேன் என்றும், ஈர முறையில் 1.2 முதல் 1.4 கிலோ என்றும் கொடுக்கிறது. நாற்பது மடங்கு. 18 கிலோ முட்டையால் வகுத்து, மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடு சமானமாக்க 27ஆல் பெருக்கினால் உலர் முறையில் ஒரு கிலோ முட்டைக்கு 0.045, ஈர முறையில் 1.8. ஒரு நாட்டில் எத்தனை சதவீதப் பண்ணைகள் எந்த முறையில் இருக்கின்றன என்ற தகவல் இல்லாமல் அந்த நாட்டின் சராசரியை நம்பக் கூடாது. ஓடும் பட்டை வழியாக எச்சத்தை வெளியேற்றும் கொட்டகையிலும் குடிநீர்க் குழாய் ஒழுகினால் உலர்முறை எண் பொருந்தாது.

நைட்ரஸ் ஆக்சைடுக்குத் தழைச்சத்துக் கணக்குப் போட வேண்டும். 17 சதவீதப் புரதமுள்ள தீவனம் 40 கிலோவில், புரதத்தைத் தழைச்சத்தாக மாற்ற 6.25ஆல் வகுத்தால், 1.09 கிலோ தழைச்சத்து. முட்டையில் போவது சுமார் 0.33. மிச்சம் முக்கால் கிலோ எச்சத்தில். கூளம் இல்லாத எச்சத்தில் அதன் 55 சதவீதம் அம்மோனியாவாகப் பறந்துபோகும் என்பது ஐ.பி.சி.சி.யின் பொது எண். பறந்தது எங்கோ மண்ணில் இறங்கி அதில் 1 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகும். கணக்கிட்டால் ஒரு கிலோ முட்டைக்கு சுமார் 0.1. மிச்ச எருவை வயலில் போடும்போது இன்னொரு 0.08. இந்த 0.08 முட்டையின் கணக்கிலா, அந்த வயலில் விளையும் பயிரின் கணக்கிலா? நேர்மையான இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு பதில் சொல்வார்கள். இரண்டு நாட்டுக்கும் ஒரே பதிலைப் பயன்படுத்தினால் போதும்.

மின்சாரத்தையும் போக்குவரத்தையும் பற்றி மக்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். கோழி ஒன்றுக்கு ஆண்டுக்கு 3 யூனிட் மின்சாரம் என்றால், நிலக்கரியை நம்பும் நாட்டில் யூனிட்டுக்கு 700 கிராம் என்று வைத்தாலும் ஒரு கிலோ முட்டைக்கு 0.12தான், அணுமின்சாரமும் நீர்மின்சாரமும் உள்ள நாட்டில் 50 கிராம் என்றால் 0.01கூட வராது. சோயா கடல் கடந்து 10,000 கிலோமீட்டர் வந்தாலும், டன் கிலோமீட்டருக்கு 10 கிராம் வீதம், கிலோ சோயாவுக்கு 0.1 கிலோதான். துறைமுகத்துக்கு லாரியில் 1,500 கிலோமீட்டர் வந்திருந்தால் அந்தத் தரைவழிப் பகுதி கடல் பயணத்தைவிடக் கூட ஆகும்.

இவ்வளவையும் சேர்த்து ஒரே கோழிக்கு மூன்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணக்கின் வசதிக்காகத் தீவனத்துக்கு நில மாற்றம் இல்லாமல் கிலோவுக்கு 0.5 என்று வைப்போம். இளங்கோழிப் பருவம் சேர்த்து ஒரு கிலோ முட்டைக்கு 2.5 கிலோ தீவனம், ஆகவே 1.25. உலர் எச்சத்துக்கு 0.25, மின்சாரம் முதலியவற்றுக்கு 0.1. மொத்தம் 1.6. இப்போது தீவனத்தில் 20 சதவீதம், அதாவது அரைக் கிலோ சோயாப் புண்ணாக்கு இருப்பதாகவும், அதன் மீது நில மாற்றச் சுமை கிலோவுக்கு 3.5 ஏறுவதாகவும் வைத்தால் 1.75 கூடி 3.35 ஆகும். அதோடு எச்சம் ஈர முறையில் தேங்கினால் 5.1. அதே கோழி, அதே முட்டை, அதே தீவன விகிதம். தொடக்கத்தில் சொன்ன 1.3 முதல் 4.67 வரையான எண்கள் ஏன் அவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

இனி இரண்டு நாட்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் என்ன செய்வது?

முதலில் அலகு. டஜன், ஆயிரம் முட்டை, கோழி ஒன்றுக்கு, கிலோ புரதத்துக்கு என்று எப்படி இருந்தாலும் பண்ணை வாசலில் ஓட்டோடு கூடிய ஒரு கிலோ முட்டைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முட்டையின் எடையை அந்தந்த நாட்டுக்குத் தனியாக எடுக்க வேண்டும்; 50 கிராமுக்கும் 62 கிராமுக்கும் இடையே டஜன் கணக்கில் 24 சதவீதம் மாறிவிடும். பிறகு எல்லை. 4.67 என்ற எண் கடை வரைக்கும், வழியில் வீணாவதையும் நில மாற்றத்தையும் சேர்த்து வந்தது. அதைப் பண்ணை வாசலோடு நிற்கும் 2.1 பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே இல்லை. குளிரூட்டி அனுப்பும் நாட்டுக்கும் சாதாரண வெப்பத்தில் அனுப்பும் நாட்டுக்கும் கடைவரைக் கணக்கில் வேறுபாடு வரும். அது கோழி வளர்ப்பைப் பற்றி எதுவும் சொல்லாது.

நில மாற்றத்தை எப்போதும் தனி வரியாகப் பிரித்து எழுதுங்கள். பிரித்துக் கொடுக்காத ஆய்வை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே மேல்.

வாயுக்களைத் தனித்தனியாக எடுத்து ஒரே பெருக்கு எண்ணில் மறுபடி கூட்டுங்கள். மீத்தேனுக்கு ஐ.பி.சி.சி.யின் 1995 அறிக்கை 21 என்றது, 2007இல் 25, 2013இல் 28, கார்பன் சுழற்சியின் பின்விளைவைச் சேர்த்தால் 34, 2021இல் உயிரினவழி மீத்தேனுக்கு 27. நைட்ரஸ் ஆக்சைடு இதே வரிசையில் 310, 298, 265 அல்லது 298, 273. உலர் எச்சமுள்ள நாட்டுக்கு மீத்தேன் எண் மாற்றம் தெரியவே தெரியாது. குட்டை முறை நாட்டில் அதே முட்டை 21இல் 1.4 ஆகவும் 34இல் 2.3 ஆகவும் தெரியும், எச்சத்தின் மீத்தேன் மட்டும்.

உலக உணவு வேளாண்மை அமைப்பின் ஃபாவோஸ்டாட் தரவுத்தளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாடுகளை ஒப்பிட விரும்புகிறவர் முதலில் போவது அங்கேதான். எல்லா நாடுகளுக்கும் 1961 முதல் முட்டையின் உமிழ்வுச் செறிவு (ஒரு கிலோவுக்கான உமிழ்வு) வரிசையாகக் கிடைக்கும். பதிவிறக்கி வரைபடம் போடும் ஆசை வரும். அந்த எண்ணில் தீவனம் கிடையாது. எச்சத்திலிருந்து நேரடியாக வருவது மட்டும்தான். அதாவது மூன்றில் இரண்டு பங்கு வெளியே நிற்கிறது. அதோடு, கணக்கு பெரும்பாலும் ஒரு கோழிக்கு இவ்வளவு என்ற பொது எண்ணைக் கோழி எண்ணிக்கையால் பெருக்கி முட்டை எடையால் வகுப்பது. ஆகவே அந்த வரைபடம் காட்டுவது பெரும்பாலும் ஒரு கோழி ஆண்டுக்கு எத்தனை கிலோ முட்டை இடுகிறது என்பதைத்தான். குறைவாக இடும் புறக்கடைக் கோழிகள் நிறைய இருக்கும் நாடு அதில் மோசமாகத் தெரியும். அந்தக் கோழி வீட்டு மிச்சமும் சிந்திய தானியமும் தின்கிறது, அதற்காக ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை என்பது கணக்கில் வராது. மாறாக, இறக்குமதிச் சோயாவை நம்பும் நாடு அதில் பளிச்சென்று தெரியும். முட்டை உற்பத்தி எண்ணில் குஞ்சு பொரிக்க வைக்கும் முட்டைகளும் அடங்கும் என்பதால், கறிக்கோழித் தொழில் பெரிதாக உள்ள நாட்டில் வகுக்கும் எண்ணும் பிசகும்.

சமப்படுத்திய பிறகு ஒரு சோதனை போடுங்கள். ஆய்வின் தீவன விகிதத்தை அதன் தீவன உமிழ்வு எண்ணால் பெருக்கி மொத்தத்திலிருந்து கழித்துப் பாருங்கள். மிச்சம் உலர்முறைப் பண்ணைக்கு 0.3 முதல் 0.5க்குள் இருந்தால் நம்பலாம். ஒன்றுக்கு மேல் வந்தால் எச்சம் ஈர முறையில் இருக்கிறது, அல்லது எல்லை பண்ணைக்கு வெளியே நீள்கிறது, அல்லது இளங்கோழிப் பருவத்தை இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள். மிச்சம் பூஜ்யத்துக்கு அருகே வந்தால் எச்சத்தையே விட்டுவிட்டார்கள்.

கடைசியாக, சிறு வித்தியாசங்களை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்சைடுக்கான அந்த 1 சதவீதம், 0.3 முதல் 3 வரை எங்கும் இருக்கலாம் என்று 2006 விதிநூலே சொல்கிறது. இப்படிப்பட்ட அடித்தளத்தின் மேல் நின்றுகொண்டு 2.1க்கும் 2.4க்கும் இடையே எந்த நாடு முந்தியது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. இரண்டு நாட்டுக்கும் இடையே 20 சதவீதத்துக்குக் குறைவான இடைவெளி இருந்தால் இரண்டும் சமம் என்று எழுதிவிட்டு, எந்த நாட்டில் சோயா எங்கிருந்து வருகிறது, எச்சம் உலர்கிறதா தேங்குகிறதா என்ற இரண்டு வரிகளை மட்டும் அதன் பக்கத்தில் எழுதுங்கள்.